நண்பர் எழுதிய வரலாறு

எழுத்தாளரின் வாழ்க்கையை அவருடைய நண்பர் எழுதலாமா, அதில் நடுநிலை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் தொ.மு.சி. ரகுநாதனைத்தான் காட்டுவேன். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோய் அவருடைய நண்பரான சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனபோது புதுமைப்பித்தனுக்கு வயது 42. ரகுநாதனுக்கு இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. 1951இலேயே அவர் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு எழுதியதுதான் நூலின் பலம். ரகுநாதனும் திருநெல்வேலிக்காரர் என்பதால், புதுமைப்பித்தனின் நக்கல் எந்த மண்ணில் விளைந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாசில்தாராக இருந்த அப்பாவோடு மனத்தாங்கல், பத்திரிகை வேலையில் பற்றாக்குறை, 'பர்வதகுமாரி' என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது, நடிகர் தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே போய் நோய் முற்றித் திரும்பியது என எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. போனவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசும் ஊரில், தான் கொண்டாடிய மனிதரை இப்படி எழுத அந்த வயதில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் எந்தக் கதை எப்போது, எந்த இதழில், எந்தப் புனைபெயரில் வந்தது என்பதைப் பாசத்தால் கண்டுபிடிக்க முடியாது. பழைய இதழ்களைத் தேடித்தான் போகவேண்டும். தழுவல்களும் சொந்தக் கதைகளும் கலந்து அச்சானதால் புதுமைப்பித்தன் மேல் திருட்டுப் பழி விழுந்தது. நண்பர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும், 1999இல், ரகுநாதன் அந்தப் பழிகளுக்குப் பதில் சொல்ல ஒரு தனி நூலே எழுதினார். மறு ஆண்டு ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு கதைகளைக் கால வரிசைப்படுத்தி, முதலில் வெளியான இடங்களோடு தந்தது. நண்பரின் வரலாறு, பதிப்பாசிரியரின் தேடல் என்ற இந்த இரண்டு உழைப்புகளில் எதுவும் எனக்கு மட்டமில்லை. பல்கலைக்கழகத்தில் ஒன்றை விமர்சனம் என்றும் இன்னொன்றை நினைவுக் குறிப்பு என்றும் தரம் பிரிக்கும்போது கோபம்தான் வருகிறது.

புதுமைப்பித்தனைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் ரகுநாதனின் வரலாற்றை முடித்த கையோடு, 1994இல் வெளிவந்த 'கண்மணி கமலாவுக்கு' என்ற அவருடைய கடிதத் தொகுப்பையும் எடுக்க வேண்டும். கதைகளில் யாருக்கும் பணியாத மனிதர், அந்தக் கடிதங்களில் மனைவிக்குப் பணம் அனுப்ப வழியில்லாமல் தவிக்கிறார்.