நாள் திருத்துவோர் கவனத்திற்கு

பழைய சிற்றிதழ்களுக்கான அடைவுகளைத் தட்டச்சிட்டு, எளிய உரைக்கோப்புகளாகச் சேர்த்துவைக்கும் பணியில் நாங்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். வரிக்கு ஒரு படைப்பு: ஆசிரியர், தலைப்பு, இதழ், நாள். அக்கோப்புகளுள் ஒன்று அண்மையில் எங்களுக்கே அடையாளம் தெரியாதபடி மாறித் திரும்பி வந்தது. உதவ முன்வந்த அன்பர் ஒருவர், 'தேதிகள் தாறுமாறாக இருந்தன. கட்டளைவரியில் ஒரே வரி, எல்லாம் சீராகிவிட்டது' என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். சீராகத்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஆண்டுக்கு நான்கு இலக்கம், மாதத்திற்கு இரண்டு, நாளுக்கு இரண்டு. ஆனால் இதழ்களில் உண்மையில் என்ன அச்சாகியிருந்தது என்பதைக் கோப்பிலிருந்து இனி அறிய இயலாது.

அன்பரின் நல்லெண்ணத்தை நாங்கள் ஐயுறவில்லை. அவர் நம்பும் கொள்கையோடுதான் எங்கள் வழக்கு. தேதி என்பது வெறும் வடிவம், எப்படி எழுதினாலும் பொருள் ஒன்றே, ஆகவே அதை மாற்றுவது தூசு தட்டுவதைப் போன்றது என்கிறது அக்கொள்கை. கணினியறிந்த இளைஞர்கள் நூல்விவரப் பணிக்கு வரும்போது இந்த எண்ணத்தையும் உடன் கொண்டுவருகிறார்கள். இது தவறு என்பதோடு, இலக்கிய வரலாற்றுக்குத் தீங்கு என்றும் சொல்கிறோம்.

கருவிகளை நாங்கள் பழிக்கவில்லை. பெல் ஆய்வகத்தில் 1970களில் பிறந்த 'செட்', 'ஆக்' ஆகிய இரண்டையும் நாங்களும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை வகுத்த ஐஎஸ்ஓ 8601 நெறிமுறை 1988இல் வெளியானது. அந்த வரிசையில் எழுதிய வரிகளை அகரவரிசைப்படுத்தும் கட்டளையிடம் கொடுத்தால், அவை தாமாகவே காலவரிசையில் நின்றுவிடும். இந்த வசதியின் அருமை எங்களுக்குத் தெரியும். எதைத் திருத்துகிறோம் என்று அறியாமல் திருத்துவதுதான் எங்கள் கவலை.

நம் ஊர் வழக்கப்படி 03/04/1959 என்பது ஏப்ரல் 3. லினக்ஸ் கணினிகளிலுள்ள குனூ 'டேட்' கட்டளைக்கோ அது மார்ச் 4. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்தே அது படிக்கும். 15/04/1959 என்று கொடுத்தால் பதினைந்தாவது மாதம் இல்லையென்று பிழை காட்டும். பிழை காட்டியவற்றைக் கையால் திருத்திவிட்டு, மற்றவை சரியென்று நிம்மதி அடைகிறோம். நாளும் மாதமும் 12க்கு மேற்படாமல், ஒன்றுக்கொன்று வேறுபட்டும் உள்ள தேதிகள் ஓராண்டில் 132. அத்தனையும் ஓசையின்றி இடம்மாறியிருக்கும்.

ஆண்டு மட்டுமே தெரிந்த படைப்புகளின் கதி இன்னும் மோசம். அதே கட்டளையிடம் 1959 என்று மட்டும் சொன்னால், அது ஆண்டென்று கொள்ளாது, மணியென்று கொள்ளும். இன்றைய தேதியில் இரவு 7 மணி 59 நிமிடம் என்று விடை தரும். 1960 என்றால் மட்டும் அறுபதாவது நிமிடம் இல்லாததால் மறுத்துவிடும். ஆக, 1900 முதல் 1959 வரையிலான படைப்புகள் இன்று மாலை எழுதப்பட்டவையாகிவிடும். 1960 முதல் 1999 வரையிலானவை பிழைச்செய்தியின் புண்ணியத்தில் தப்பும்.

ஈரிலக்க ஆண்டுகளைப் பாருங்கள். 69 முதல் 99 வரை சென்ற நூற்றாண்டு, 00 முதல் 68 வரை இந்த நூற்றாண்டு என்பது அக்கட்டளையின் கணக்கு. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970 வரை வந்தது. அதன் குறிப்புகளை ஈரிலக்கத்தில் எழுதிவைத்திருந்தால், முதல் பத்தாண்டு இதழ்கள் 2059க்கும் 2068க்கும் இடையில் போய் நிற்கும். இறுதிக்கால இதழ்கள் மட்டுமே தம் காலத்தில் இருக்கும்.

இவையெல்லாம் ஆங்கில நாட்காட்டிக்குள் நிகழும் விபத்துகள். நம் பழைய ஏடுகள் அந்த ஒரு நாட்காட்டியோடு நிற்பவை அல்ல. சித்திரபானு என்றால் 1882ஆ, 1942ஆ, 2002ஆ? அறுபதாண்டுச் சுழற்சியில் மூன்றுக்கும் அதே பெயர். 1942 என்றே முடிவாகத் தெரிந்தாலும், பெயரைக் கண்ட இடமெல்லாம் அந்த எண்ணை இட்டால் சித்திரபானு மாசியும் பங்குனியும் ஓராண்டு பின்தங்கும்; அவை 1943இல் வருபவை. கொல்லம் 1100 என்பது 1924-25. நான்கு இலக்கங்களைக் கண்டதும் ஆண்டென்று பிடித்துக்கொள்ளும் தேடல்கோவைக்கு அது சோழர் காலம். தனித்தமிழ் இதழொன்றில் திருவள்ளுவர் ஆண்டு 2004 என்றிருந்தால் அது 1973. இங்கே பிழைச்செய்திகூட எழாது. 2004 எவர் கண்ணுக்கும் இயல்பான ஆண்டாகவே தோன்றும்.

எங்களை மிகுதியும் வருத்துவது இல்லாத நாளைப் படைப்பது. மாத இதழில் 'ஜனவரி 1959' என்று மட்டும் இருக்கும். நாளும் வேண்டுமென்று நிரல் கேட்கும்; திருத்துபவர் 01 என்று சேர்த்துவிடுவார். பத்தாண்டு கழித்து ஓர் ஆய்வாளர், அந்தக் கதை புத்தாண்டு நாளில் வெளிவந்ததென்று எழுதுவார். அதை மறுக்க நம் கையில் சான்று இருக்காது. 'ஏப்ரல்-மே' என்று வரும் கூட்டிதழ், இரண்டில் ஒரு மாதத்தை இழக்கும். ஜனவரி என்று அச்சிட்டு மார்ச்சில் வந்த இதழ்கள் நம்மிடையே எத்தனை! எந்த நாளை ஒரே கட்டத்திற்குள் அடைப்பது?

பாரதியின் மறைவையே எண்ணிப் பாருங்கள். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து அவர் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 12. சூரிய உதயத்தில் நாள் பிறக்கும் நம் கணக்கில் 11. தமிழக அரசு 2021இல் 'மகாகவி நாள்' என்று அறிவித்தது செப்டம்பர் 11ஐ. இவ்விரு தேதிகளுள் ஒன்றைப் 'பிழை' என்று அழிப்பவர், நாளை எப்படி எண்ணினோம் என்ற செய்தியையும் சேர்த்தே அழிக்கிறார்.

கணினிக்கு ஒரே வடிவம் தேவையல்லவா என்று கேட்பார்கள். தேவைதான். ஆனால் அவர்கள் மேற்கோள் காட்டும் நெறிமுறையே அவர்கள் பக்கம் இல்லை. நாள் தெரியாவிட்டால் ஆண்டையும் மாதத்தையும் மட்டும் எழுத ஐஎஸ்ஓ 8601 இடம் தருகிறது. 2019இல் வந்த அதன் இரண்டாம் பகுதி, ஐயத்திற்குக் கேள்விக்குறி, தோராயத்திற்கு அலைக்கோடு, தெரியாத இலக்கத்திற்கு 'எக்ஸ்' என்று குறிகளையே வகுத்துத் தந்திருக்கிறது. நெறிமுறை வகுத்தோருக்கு இருந்த அடக்கம் அதைக் கையாள்வோருக்கும் வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டபோது தமக்குச் சரியெனப் பட்டதை மேலே வைத்தார். மாறுபட்ட பாடங்களைக் கீழே குறித்தார். நாம் கேட்பதும் அவ்வளவே. அச்சில் உள்ளதை உள்ளவாறே ஒரு பத்தியில் வையுங்கள். கணினிக்கான தேதியை அதன் அருகே வேறொரு பத்தியில் எழுதுங்கள். ஊகமென்றால் ஊகமென்று குறியிடுங்கள். மூலக்கோப்பின்மீதே மாற்றத்தை எழுதும் கட்டளையைத் தொடாதீர்கள். புதிய கோப்பில் எழுதி, இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழியனைத்தையும் நிரல் எழுதுவோர்மீது சுமத்துவதும் நேர்மையாகாது. கதை முதலில் எந்த இதழில், எப்போது வந்தது என்ற ஒரு வரியும் இல்லாமல் தொகுப்புகளை அச்சிட்டுக் குவித்தவர்கள் நம் இலக்கியவாதிகளும் பதிப்பாளர்களுமே. பலர் அலட்சியமாக விட்டதில் எஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ஒழுங்கின் பெயரால் இழக்க நாங்கள் உடன்படவில்லை.

எங்கள் கோப்பின் பழைய படி ஒரு நண்பரின் குறுந்தகட்டில் கிடைத்தது. தாறுமாறான அந்தத் தேதிகளோடுதான் மீண்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.