வானத்தின் காவலும் மேலிடத்தின் பொறுப்பும்

வயலுக்கு வரம்பு உண்டு. வளவுக்கு வேலி உண்டு. கண்ணாற் காணக்கூடிய இவ்வெல்லைகள் இருந்துமே அயலவர் இருவர் பிணங்கி நீதிமன்றப் படியேறுவதை நாம் காண்கின்றோம். வானத்திலோ வரம்பும் இல்லை, வேலியும் இல்லை. மணிக்கு ஐந்நூறு மைலுக்குக் குறையாத வேகத்தில், நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்த விமானங்கள் இரவென்றும் பகலென்றும் பாராது அங்கே குறுக்கும் நெடுக்குமாகச் சென்றுகொண்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று மோதாதிருப்பது தற்செயலன்று. நிலத்திலே, திரையொன்றின் முன் அமர்ந்திருக்கும் சில மனிதர் இடையறாது கட்டிக்காக்கும் வரம்பே அதற்குக் காரணம். நம்மைக் காக்கும் அம்மனிதருடைய கைகளைப் பலப்படுத்த வேண்டியவர் யார் என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா.

அவ்வரம்பின் இலக்கணம் கடினமானதன்று. இரு விமானங்களுக்கிடையே உயரத்தில் 1,000 அடியேனும் இடைவெளி இருத்தல் வேண்டும். 29,000 அடிக்கு மேலே முன்னர் 2,000 அடி கேட்கப்பட்டது. உயரத்தை அளக்கும் கருவிகள் திருந்தியபின் அதுவும் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பாவில் இம்மாற்றம் 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயரத்தில் இவ்விடைவெளி இல்லையாயின், ராடர் பார்வையுள்ள வான்வெளியிற் பொதுவாக 5 கடல் மைலும், விமான நிலையத்தை அண்டிய இடங்களில் 3 கடல் மைலும் தூரத்தால் விலகியிருத்தல் வேண்டும். ராடரின் கண் எட்டாத சமுத்திரத்தின் மேலே, நேரக்கணக்கைக் கொண்டு இன்னும் பெரிய இடைவெளி விடப்படும். கிழக்கு நோக்கிச் செல்வன ஒற்றைப்பட்ட ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்வன இரட்டைப்பட்ட ஆயிரங்களிலும் பறப்பது பொதுவழக்கு. கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் கட்டளையிடுவார். விமானி அதனை அப்படியே திருப்பிச் சொல்வார். சொன்னது சரியோ என்று உத்தியோகத்தர் செவிகொடுத்துக் கேட்பார்.

நமது கமக்காரருக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. எந்த வயலுக்கு எப்பொழுது வாய்க்காலைத் திறப்பது, எப்பொழுது அடைப்பது என்று முறைவைத்து நீர் பங்கிடும் வட்டவிதானையின் வேலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வேற்றுமை ஒன்று உண்டு. வாய்க்காலில் முறை தவறினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். வானத்தில் முறை தவறினால் அதைத் திருத்த ஒரு நிமிடமும் கிடையாது.

இதனாற்றான் இவ்வேலையில் ஒருவரை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பது முதல் விதியாயிற்று. மனிதன் பிழைவிடுவான், ஆகவே அப்பிழையைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொரு கண் வேண்டும். அந்தக் கண்ணும் தவறினால் எச்சரிக்கும் கருவி வேண்டும். கருவியும் ஓய்ந்தால் அயலிலுள்ள நிலையம் கூப்பிட்டுச் சொல்வதற்குத் தொலைபேசி வேண்டும். இக்காவல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டால் என்ன நேரும் என்பதை 2002 ஜூலை முதலாந் திகதி இரவு உலகம் கண்டது.

அன்று ஜேர்மனியின் தென்புறத்தில், ஊபர்லிங்கன் என்னும் ஏரிக்கரைப் பட்டினத்தின் மேலே, இரு விமானங்கள் 36,000 அடி உயரத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் பாதையில் வந்துகொண்டிருந்தன. ஒன்று மொஸ்கோவிலிருந்து பார்சலோனாவுக்குச் சென்ற ரஷ்ய விமானம். அதிலிருந்த 69 பேரிற் பெரும்பாலோர் விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். மற்றையது இத்தாலியிலிருந்து பிறசெல்ஸ் நோக்கிச் சென்ற பொதி விமானம். அதில் இருந்தவர் விமானிகள் இருவர். அந்த வான்பகுதியைக் காக்கும் பொறுப்பு சுவிற்சர்லாந்தின் ஸ்கைகைட் நிறுவனத்திடம் இருந்தது.

சூரிச் நிலையத்தில் அவ்விரவு கடமைக்கு வந்தவர் இருவர். விமானங்கள் குறைந்த நேரமென்று ஒருவர் இளைப்பாறச் சென்றுவிட்டார். அது அன்று மட்டும் நடந்த காரியமன்று. நிருவாகம் அறிந்தும் பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்ட வழக்கம். எஞ்சியிருந்தவர் இரண்டு திரைகளைத் தனியே பார்க்கவேண்டியவரானார். அதே இரவிற் கருவிகளைச் செப்பனிடும் வேலையும் நடந்தது. மோதல் அபாயத்தைத் திரையிற் காட்டும் எச்சரிக்கை இயங்கவில்லை. பிரதான தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக இருந்த இணைப்போ பழுதடைந்திருந்தது. தாமதித்து வந்த இன்னொரு விமானத்தை அயலிலுள்ள சிறு நிலையத்தில் இறக்குவதற்காக, அவர் அந்தத் தொலைபேசியோடு போராடிக்கொண்டிருந்தார். ஜேர்மனியின் கார்ள்ஸ்ரூகே நிலையத்தார் மோதல் அபாயத்தை இரண்டு நிமிடங்களுக்கு முன்னரே கண்டு, சூரிச்சை மீண்டும் மீண்டும் அழைத்தனர், அழைப்புப் போய்ச்சேரவில்லை.

மோதுவதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையிலேதான் அவர் ஆபத்தை உணர்ந்து, ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்குமாறு பணித்தார். சில விநாடிகளில், விமானங்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட மோதல் தவிர்ப்புக் கருவிகள் பேசின. ரஷ்ய விமானத்தை மேலேறும்படியும், பொதி விமானத்தைக் கீழிறங்கும்படியும் அவை கூறின. பொதி விமானத்தார் கருவியின் சொற்கேட்டு இறங்கினர். ரஷ்ய விமானிகள் நிலத்திலிருந்து வந்த கட்டளையை மதித்து இறங்கினர். இரண்டும் ஒருங்கே இறங்கி, ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் மோதின. 71 பேரில் ஒருவரேனும் தப்பவில்லை.

குற்றம் யாருடையது? விபத்து நடந்தவுடன் எவருடைய விரலும் நீண்டது தனித்திருந்த அந்த உத்தியோகத்தரை நோக்கியே. மனைவியையும் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், 2004 பெப்ரவரியில் அவருடைய வீட்டுக்கே சென்று அவரைக் குத்திக் கொன்றார். துயரம் எத்துணை பெரிதாயினும் அச்செயலை எவரும் நியாயப்படுத்த முடியாது. அந்தக் கத்தியால் உண்மையின் ஒரு துளியும் வெளிவரவில்லை. இன்னொரு குடும்பம் அழுததே மிச்சம்.

உண்மையை வெளிக்கொணர்ந்தது பொறுமையான விசாரணை. 2004 மே மாதத்தில் ஜேர்மனிய விசாரணையாளர் வெளியிட்ட அறிக்கை அந்த உத்தியோகத்தரை மூடிமறைக்கவில்லை. அவர் அபாயத்தை உரிய வேளையிற் காணவில்லை என்றும், ரஷ்ய விமானிகள் கருவிக்கு மாறாக இறங்கினர் என்றும் அது ஒளிவின்றிச் சொல்லியது. ஆயினும் அங்கே நின்றுவிடவில்லை. இரவில் எல்லா இருக்கைகளிலும் ஆள் இருப்பதை உறுதிசெய்யத் தவறியது நிருவாகம் என்றும், கருவியும் மனிதரும் முரண்பட்டால் எதற்குப் பணிவது என்பதில் சர்வதேச விதிகளே தெளிவற்றிருந்தன என்றும் அது எடுத்துக்காட்டியது. 2007 செப்ரெம்பரில் சுவிற்சர்லாந்தின் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மேலாளர் நால்வரைக் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளிகளெனத் தீர்த்தது. வேறு நால்வர் விடுதலை பெற்றனர்.

இதனோடு யப்பானில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 2001 ஜனவரியில், அந்நாட்டு விமானங்கள் இரண்டு மயிரிழையில் மோதாமல் தப்பின. அங்கும் கட்டுப்பாட்டறையின் கட்டளை ஒன்றாகவும், கருவியின் கட்டளை வேறாகவும் இருந்தன. பயணிகள் பலர் காயமுற்றனர்; எவரும் இறக்கவில்லை. உலகம் அவ்வெச்சரிக்கையைக் கேட்டு விதியைத் தெளிவாக்கியிருந்தால், ஊபர்லிங்கனின் பிள்ளைகள் இன்று நடுவயதை நெருங்கியிருப்பர். விதி தெளிவாக்கப்பட்டது 2003இலேதான்: கருவி கட்டளையிட்டால் விமானி கருவிக்கே பணியவேண்டும். யப்பானிய வழக்கிலோ, 2010இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று குற்றவாளிகளாக நின்றவர், பயிற்சியிலிருந்த உத்தியோகத்தரும் அவரை மேற்பார்த்தவருமே. எந்த நாட்டின் தீர்ப்பு மக்களை அதிகம் காக்கும் என்பதை வாசகரே சிந்திக்கட்டும். கீழுள்ளவன் தண்டனைக்கு அஞ்சித் தன் பிழையை மறைப்பானாயின், அந்தப் பிழை அடுத்த விபத்துக்காகக் காத்திருக்கும்.

"இரவில் விமானங்கள் சொற்பம், ஒருவருக்கு இருவராய்ச் சம்பளம் கொடுப்பது வீண் செலவன்றோ?" என்று கணக்குப் பார்ப்போர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஓராயிரம் இரவுகளில் அந்த இரண்டாவது ஆள் சும்மா இருப்பது உண்மையே. அணைக்கட்டின் வான்கதவும் ஆண்டில் முந்நூறு நாள் சும்மாதான் இருக்கின்றது. அதனை விற்று இரும்பாக்க எந்தக் கமக்காரன் சம்மதிப்பான்? காவல் என்பது வேண்டாத நாளிலும் நிற்பதாலேதான் வேண்டிய நாளில் உதவுகின்றது.

இலங்கையைச் சூழ்ந்த பரந்த சமுத்திரத்தின் மேலான வான்வெளி கொழும்பின் பொறுப்பிலுள்ளது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின், வானவழி என்பது வடபகுதி மக்களுக்கும் அந்நியமான விடயமன்று. ஆகவே நாம் கேட்பது கட்டடத்தின் அழகையும் ஓடுபாதையின் நீளத்தையும் மட்டுமாயிருத்தல் போதாது. இரவுக் கடமையில் எத்தனை பேர்? அவர்களுக்கு ஓய்வு எவ்வளவு? செப்பனிடும் வேலை நடக்கும்போது மாற்று ஏற்பாடு யாது? தன் பிழையைத் தானே அறிவிக்கும் உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பு உண்டா? மக்கள் பிரதிநிதிகள் இவற்றைச் சபையிற் கேட்கவேண்டும். பொறுப்பாளர் பதில் கூறவேண்டும்.

வைத்தியசாலையின் இரவு விடுதிக்கும், புகையிரதக் கடவைக்கும், குளத்தின் கதவுக்கும் இதே நீதி பொருந்தும். இரண்டு பேரின் சுமையை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் இடறும்போது அவனை மட்டும் தண்டிப்பது நீதியுமன்று, நிருவாகமுமன்று. கட்டளையிடும் உரிமை எவரிடம் உண்டோ, பொறுப்பும் அவரிடமே உண்டு. இதனை வற்புறுத்திக் கேட்கும் மக்களுக்கே பாதுகாப்பான வானமும் பாதுகாப்பான மண்ணும் கிடைக்கும்.