அணையாத மஞ்சள் விளக்கு: பம்பை மாற்றுமுன் எர்த் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: வாழைத்தார் ஏற்றுவதற்காக 2018 மாடல் டீசல் லோடு வண்டி (பிஎஸ்-4) வைத்திருக்கிறேன். தார் வெட்டு இல்லாத நாட்களில் உப்பு மூட்டை வாடகைக்கு ஓடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டி. சில மாதங்களாக மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒர்க் ஷாப்பில் அழித்தால் நான்கு நாளில் திரும்ப வருகிறது. ஒரு சென்சாரை மாற்றியும் பலனில்லை. இப்போது பம்பும் இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துச் செய்யலாமா? வண்டியையே விற்றுவிடலாமா?
– வாசகர், ஏரல்

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம் அண்ணாச்சி. முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்று கேட்போம்.

வாழை இலை மஞ்சளானால் உடனே யூரியா போடுகிறோமா? அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவே வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இலை ஓரம் மஞ்சளாகி, தண்டு அடியில் வெடித்தால் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். நிறம் ஒன்று, காரணம் பல. வண்டியின் மஞ்சள் விளக்கும் அப்படித்தான்.

வண்டியின் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அளவு சரியில்லை என்று கண்டால் விளக்கை எரியவிட்டு, ஒரு கோடு எண்ணையும் பதிந்து வைக்கும். அந்த எண் கோளாறின் அறிகுறியைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. உதாரணமாக ‘பி-0087’ என்றால் டீசல் அழுத்தம் குறைவு. பம்ப் தேய்ந்தாலும் வரும். டீசல் பில்டர் அடைத்தாலும் வரும். குழாயில் காற்று புகுந்தாலும் வரும். ‘பி-0562’ என்றால் மின் அழுத்தம் குறைவு. காரணத்தைச் சரி செய்யாமல் எண்ணை மட்டும் அழித்தால் விளக்கு திரும்ப வரத்தான் செய்யும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் விளக்கு அணையும். அதுவும் வைத்தியம் ஆகாது.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது ஒயரிங்கைத்தான். வெள்ளத் தண்ணீரும் வண்டலும் கனெக்டருக்குள் புகுந்திருக்கலாம். அதன்மேல் உப்பு மூட்டை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த இடத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது. நல்ல சென்சாரும் தப்பான கணக்குச் சொல்லும்.

செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்:

1. பேட்டரி: மல்டிமீட்டரில், நிறுத்தி வைத்த வண்டியில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கலாம்.

2. எர்த் ஒயர்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, துரு நீக்கி, இறுக்கி மாட்டுங்கள்.

3. கனெக்டர்கள்: பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகு, சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

4. டீசல்: பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். அப்படியானால் டேங்கையும் சுத்தம் செய்து பில்டரை மாற்ற வேண்டும்.

5. காற்று: ஏர் பில்டர் அடைப்பு, டர்போ குழாயில் விரிசல், கிளிப் தளர்வு பாருங்கள். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் இங்கே கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு. ‘பி-0401’ வந்தால் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய என்ஜின்களில் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. காமன் ரெயில் என்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அங்கே டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரிடலாம். என்ஜினை அதிக அழுத்தத் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம்.

மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால் பாரம் குறைத்து ஒர்க் ஷாப் வரை ஓட்டலாம். இழுவை போனாலோ, விளக்கு சிமிட்டினாலோ பாரம் ஏற்றாதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கோ, சூட்டு விளக்கோ எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு தார் லோடு தாமதமானால் ஒரு நாள் விலை போகும். என்ஜின் பிடித்துக்கொண்டால் ஒரு வெள்ளாமையே போகும்.

இத்தனையும் சரியாக இருந்து விளக்கு மறுபடி எரிந்தால், பம்ப் பேச்சுக்கு வரலாம். அப்போதும் ஒர்க் ஷாப்பில் மூன்று கேளுங்கள்: கோடு எண்ணைத் தாளில் எழுதித் தாருங்கள், என்ஜின் ஓடும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு என்று ஸ்கேனரில் காட்டுங்கள், இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்த ரிப்போர்ட்டைக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்றும் கைக்கு வருமுன் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

பழைய வண்டி வாங்கப் போகும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. சாவியைத் திருப்பியதும் இந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம். விலை பேசுமுன் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.