வரிசையில் நிற்பவனும் குடிமகனே

இடுக்கி மாவட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலையில் பெரியாற்றங்கரையில் அமைந்த வண்டிப்பெரியார், தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் நகரம். அங்கு கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் வாரிசுகள். இத்தகைய தோட்ட நகரங்களில், நாள் முழுதும் மழையிலும் குளிரிலும் உழைத்தவர் மாலையில் மதுக்கடை வரிசையில் நிற்பது அன்றாடக் காட்சி. அவரைப் பார்த்து முகம் சுளிப்போர் ஏராளம். அவரிடம் பணம் வாங்கும் அரசு அவரை எப்படி நடத்துகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

கேரளத்தில் 1984 இல் தொடங்கப்பட்ட மதுபானக் கழகமும் தமிழகத்தின் டாஸ்மாக்கும் அரசு நிறுவனங்கள். வேறு வணிகத்தில், பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம். இங்கே அடுத்த கடையும் அரசினுடையதே. எனவே தனியார் முதலாளியைவிடக் கூடுதல் பொறுப்பு அரசுக்கு உண்டு. நடைமுறையோ நேர்மாறானது. திருச்சூர் குறுப்பம் சாலைக் கடை தொடர்பான வழக்கில், 2021 ஜூலையில், நெருக்கியடிக்கும் வரிசைகளைக் கேரள உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. கடைகளில் வசதிகளை மேம்படுத்தும் பேச்சு அதன் பிறகே வேகம் பெற்றது. நீதிமன்றம் சொல்லித்தான் இது அரசுக்குத் தெரியவேண்டுமா?

தமிழகத்தின் கதை இன்னும் மோசம். 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கையில். அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் பறிக்கப்படுவதும், ரசீது கேட்டால் ஏச்சு கிடைப்பதும் ஊரறிந்த புகார்கள். பழியைக் கடை ஊழியர் தலையில் போட்டுவிடுவது எளிது. உடைந்த பாட்டிலின் விலை, சரக்கு இறக்கும் கூலி எனப் பலவற்றைத் தங்கள் கையிலிருந்து கட்ட நேர்கிறது என்று ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றன. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் வருவாய் ஈட்டித் தருபவர்களுக்கு இருபது ஆண்டுகள் கடந்தும் பணி நிரந்தரம் இல்லை. கவுண்ட்டரின் இருபுறமும் நிற்பவர்கள் உழைப்பாளிகளே.

மதுக்கடையை அழகுபடுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இதன் பொருளல்ல. அரசமைப்பின் 47 ஆவது பிரிவு மதுவைத் தடுக்க முயலுமாறு அரசைப் பணிக்கிறது. குடியால் சிதையும் குடும்பத்தின் முழுச் சுமையும் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணின் முதுகில்தான் ஏறுகிறது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய பெண்களுக்குக் காவல்துறையின் அறைதான் பதிலாகக் கிடைத்தது. ஆனால் கடையை மூடுவதோடு கடமை முடிந்தது என்போருக்கு, 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளக்குறிச்சி கருணாபுரம் பதில் சொல்லும்.

இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி 1845 இல் எழுதிய எங்கெல்ஸ், குடியைத் தனிமனித ஒழுக்கக்கேடாகக் காணாமல், அவர்கள் தள்ளப்பட்ட வாழ்நிலையின் விளைவாகக் கண்டார். பீர்மேடு தாலுகாவின் லயங்களுக்குள் நுழைந்தவர்களுக்கு அது பழைய புத்தகச் செய்தியாகத் தோன்றாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 இலேயே வந்துவிட்டது. வீடும் மருத்துவமும் நிர்வாகத்தின் கடமை என அது சொன்னது. கூரை ஒழுகும் லயங்கள் இன்றும் நிற்கின்றன. 2000 இல் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது தொழிலாளர்கள் பட்டினியில் தள்ளப்பட்டார்கள். மாதத்தின் முதல் நாள் கேரளத்தில் மதுக்கடைகளுக்கு விடுமுறை. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது உதவலாம். ஒன்றாம் தேதி கூலியைக் கண்ணில் காணாத தோட்டத்து வீட்டுக்கு அதனால் என்ன பயன்?

2023 இல் கேரள அரசு 500 முதல் 999 ரூபாய் வரையிலான மதுபாட்டிலுக்கு 20 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு செஸ் விதித்தது. முதியோரின் ஓய்வூதியத்துக்கு நிதி தேடும் நோக்கத்தில் குறை காண முடியாது. ஒன்றிய அரசு மாநிலங்களின் நிதியை நெரிக்கும் காலத்தில் வழிகள் குறைவு என்பதும் உண்மை. எனினும் ஏழையின் போதையைக் கறந்து ஏழைக்கே நலம் செய்யும் வழி நெடுந்தூரம் போகாது. தோட்ட முதலாளிகளின் குத்தகையையும் வரியையும் தொட அரசுகள் ஏன் தயங்குகின்றன?

விற்பனை நீடிக்கும் வரை ரசீதும் சரியான விலையும் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் வேண்டும். அத்தோடு, தோட்டப் பகுதி மதுக்கடைகளிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு வசூலாகிறது, அதில் எவ்வளவு லயங்களைச் செப்பனிடவும், தோட்ட மருத்துவமனைகளில் குடிமீட்புச் சிகிச்சை அளிக்கவும் செலவாகிறது என்ற கணக்கு சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.