பூவா தலையா?

டெக்சாஸில் ஆள் நடமாட்டமில்லாத சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க். முந்திரிப் பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளனிடம், உங்கள் பக்கம் மழை உண்டா என்று கிழவர் பேச்சுக்குக் கேட்டுவைக்கிறார். வந்தவனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் பிடித்துக்கொண்டு குடைகிறான். கடை மாமனார் வழியில் வந்தது என்று தெரிந்ததும் முகத்தில் ஓர் ஏளனம். கசக்கி மேசையில் போட்ட பொட்டல உறை சரசரவென்று விரிகிறது. காமிரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு காசைச் சுண்டிக் கையால் மூடுகிறான். பூவா, தலையா?

எதைப் பந்தயம் வைத்திருக்கிறோம் என்றே விளங்காமல் கிழவர் 'தலை' என்கிறார். தலைதான். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

கார்மாக் மெக்கார்த்தி 2005-இல் எழுதிய நாவலை ஜோயல், ஈதன் கோயன் சகோதரர்கள் 2007-இல் படமாக்கினார்கள்: 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்'. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர். அதில் ஒன்று, கொலைகாரன் ஆன்டன் சிகராக வந்து வயிற்றைக் கலக்கிய ஹாவியர் பார்டெமுக்கு. பின்னணி இசை இருப்பதே தெரியாது. பயமுறுத்த வயலின் தேவைப்படாத படம்.

இதை விதியைப் பற்றிய படம் என்று சொல்வது வழக்கம். ஆனால் படத்தில் விதிக்கு வக்காலத்து வாங்குகிறவன் யார்? கொலை செய்கிறவன். கதை நடப்பது 1980-இல். காசு 1958-இல் அச்சடித்தது. 22 வருஷம் பயணம் செய்து இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்கிறான். கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. கையில் ரத்தக்கறை படிந்தவனுக்கு இதைவிடச் சௌகரியமான தத்துவம் கிடைக்காது.

சிகர் துரத்தும் லுவெலின் மாஸ் மாட்டிக்கொள்வதையும் விதிக் கணக்கில் எழுதிவிட முடியாது. போதைப்பொருள் கும்பல்கள் சுட்டுக்கொண்டு செத்துக்கிடக்கும் பாலைவனத்தில் 20 லட்சம் டாலர் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். அதோடு விட்டிருந்தால் எடுத்தவன் யார் என்று அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது. ஆனால் அங்கே வண்டிக்குள் ஒருவன் குற்றுயிராகக் கிடந்து தண்ணீர் கேட்டிருந்தான். அப்போது இல்லையென்று வந்தவனுக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. புத்தி கெட்ட வேலை என்று தெரிந்தே கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறான். தண்ணீர் கேட்டவன் செத்திருக்கிறான். மேட்டில் விட்டுவந்த மாஸின் வண்டி எதிரிகள் கையில் சிக்குகிறது. அவனைக் காட்டிக்கொடுத்தது பேராசை அல்ல, அந்தத் தண்ணீர்.

மாஸின் மனைவி கார்லா ஜீன் வரும் காட்சியில் கோயன்கள் நாவலைவிட்டு விலகியிருக்கிறார்கள். மாஸ் செத்தாயிற்று, தாயையும் அடக்கம் செய்துவிட்டு வருகிறாள். வீட்டுக்குள் சிகர் உட்கார்ந்திருக்கிறான். நாவலில் அவளும் மன்றாடிக் கடைசியில் 'தலை' என்கிறாள், பூ விழுகிறது. படத்தில் கெல்லி மெக்டொனால்ட் நடித்த கார்லா ஜீன் சொல்ல மாட்டேன் என்கிறாள். காசுக்கு இதில் பேச்சில்லை, முடிவு எடுப்பது நீதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். உயிர் தப்பக் கிடைத்த பாதி வாய்ப்பையும் உதறிவிட்டு, குற்றத்தை உரியவன் தலையிலேயே கட்டுகிறாள். புத்தகத்தைவிடப் படம் ஒருபடி மேலே போவது இந்த இடத்தில்தான்.

கொலையைக் காட்டவில்லை. வாசலுக்கு வந்த சிகர் பூட்ஸின் அடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

அங்கிருந்து கிளம்பியவன் பச்சை விளக்கில் ஒழுங்காகத்தான் காரை ஓட்டிப் போகிறான். குறுக்கே வந்த கார் மோதி, முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. ஊருக்கெல்லாம் காசு சுண்டியவனை யாரும் பூவா தலையா என்று கேட்கவில்லை. சைக்கிளில் வந்த இரண்டு பையன்களிடம், கையைத் தூக்கிக் கட்டச் சட்டை கேட்கிறான். ஒருவன் கழற்றிக் கொடுக்கிறான். காசு வேண்டாம், உதவிதானே என்கிறான். சிகர் விடவில்லை, நோட்டை நீட்டி வாங்கச் சொல்கிறான். இனாமாக ஒருவன் ஒன்றைத் தருவது அவனுடைய கணக்கில் எந்தப் பக்கமும் சேராது. அவன் நொண்டிக்கொண்டு நகர்ந்ததும், அந்த நோட்டில் பங்கு கேட்டுப் பையன்கள் இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்குகிறார்கள்.