நாவும் ஓர் அளவுகோல்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, பெங்களூருக்கும் வடக்கே நந்தி மலைப் பக்கம் சென்றால், மதுவுக்கெனவே பயிராகும் திராட்சைத் தோட்டங்களைக் காணலாம். எல்லைக்கு இப்பாலுள்ள நமக்கோ மாந்தோப்பும் கேழ்வரகும் பட்டுக்கூடும் தறியுமே வாழ்வு. நம் ஏட்டில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என அங்கத்தினர்கள் வினவக்கூடும். குடிக்குமாறு நாம் கூறவில்லை. சுவை தேர்வதைத் தொழிலாகக் கொண்டோர் மதுவை வாயில் நிறுத்தி உணர்ந்தபின் உமிழ்ந்துவிடுகின்றனர். அவர்களுடைய பயிற்சியே நாம் கற்க வேண்டியது.

இத்தாலியச் செம்மதுவைத் தேர்வோர் முதலில் வெள்ளைத் துணிக்கு எதிரே கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்ப்பர். பின்பு சுழற்றி மணம் கொள்வர். இறுதியில் புளிப்பையும் துவர்ப்பையும் அளந்தறிவர். தஸ்கனிப் பகுதியின் சாஞ்சியோவேசே திராட்சை புளிப்பு மிக்கது; ஆதலால் தக்காளி சேர்ந்த உணவோடு இசையும். பியத்மாந்தின் நெபியோலோ துவர்ப்பு மிக்கது. கொழுப்பு நிறைந்த இறைச்சி அத்துவர்ப்பைத் தணிக்கும். மிளகாய்க் காரமோ அதை மேலும் கடுமையாக்கும். கேழ்வரகுக் களிக்குப் புளிப்பும் காரமும் கூடிய குழம்பை இணைத்த நம் தாய்மாரும் இத்தகைய அறிவு உடையவர்களே.

எனினும், இயற்கை முறையில் விளைந்ததா என்பதை நா மட்டும் கண்டறியாது. அதற்குக் கணக்கேடும் சோதனையும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ஆம் ஆண்டு அறுவடை முதலே 'இயற்கை மது' எனப் பொறிக்க இடமுண்டு. தோட்டம் முழுமையாக மாறுவதற்கு 3 ஆண்டுகள் ஆகும். இனிப்பற்ற செம்மதுவில் கந்தக டை ஆக்சைடின் பொது வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம். இயற்கை மதுவுக்கு 100. சான்று வாங்குபவரை அழைத்து வரும். சுவையே அவரை மீண்டும் வரச்செய்யும்.

இதில் கூட்டுறவுக்கு இடமுண்டா? பியத்மாந்தில் பார்பரெஸ்கோ என்னும் சிற்றூரில் 1958இல் ஒரு பாதிரியார் 19 சிறு விவசாயிகளை ஒன்றுசேர்த்தார். முதல் சில அறுவடைகளின் மது மாதா கோயிலின் நிலவறையிலேயே தயாராயிற்று. இன்று அச்சங்கம், நல்ல விளைச்சல் ஆண்டுகளில் 9 தோட்டங்களின் மதுவைத் தனித்தனியே புட்டியிட்டு, தோட்டத்தின் பெயரையே முகப்பில் பொறிக்கிறது. ஒரே ஊர், ஒரே திராட்சை. ஆயினும் மண்ணுக்கு மண் சுவை வேறு என்பதை அவ்விவசாயிகள் அறிந்திருந்தனர்.

நம் கிருஷ்ணகிரி மாம்பழமோ, பல தோப்புகளினின்றும் ஒரே குவியலாகி, எடைக்கு விலைபோய், கூழாகித் தகர டப்பாவில் அடைபடுகிறது. விளைவித்தவரின் பெயரும் தோப்பின் பெயரும் அத்துடன் மறைகின்றன. தன் பழத்தின் சிறப்பைச் சொல்லத் தெரியாதவன் பிறர் சொல்லும் விலைக்கே தலையசைக்க நேரும். நூலின் நம்பரை விரலால் தடவியே கூறும் நெசவாளர் நம்மிடையே உண்டு. நாவுக்கும் அப்பயிற்சி இயலாததா?

ஆகவே நாம் கூறுவது இது. வரும் பருவத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு நாளை ஒதுக்கட்டும். ஒரே இன மாம்பழத்தை ஐந்து தோப்புகளிலிருந்து பெற்று, பெயர் மறைத்து எண்ணிட்டு வைக்கட்டும். அங்கத்தினர்கள் சுவைத்து, தாம் உணர்ந்ததை எழுதட்டும். செலவு மிகச் சிறிது. தராசைச் சரிபார்க்கக் கற்ற நாம், இனி நாவையும் பழக்குவோமாக.