மலை தந்த ஒளியும் லயத்து இருளும்

ஆற்றல் இன்றி ஆக்கம் இல்லை. கொழுந்து உலர்வதற்கும், இரும்பு உருகுவதற்கும், ஏடு அச்சாவதற்கும் ஏதேனும் ஒரு வலு வேண்டும். ஆதலின், நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் எரிபொருளைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். விழா மலரிலே கல்லூரியின் பெருமையைப் பேசாது மின்வலுவைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக. கந்தப்பளை மலைச்சாரலிலே நின்று நோக்குவோர்க்கு இப்பொருளே கண்முன் நிற்கின்றது.

இலங்கையின் நீர்மின் வரலாறு எமது மலைநாட்டின் வரலாறேயாகும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னும் இடத்திற் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். 1918இல், இத்தீவின் நீர்வலுவைக் கொண்டு தொழில் வளர்க்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபானவில் நனவாயிற்று. 1965இல் காசல்ரீ நீரால் இயங்கும் நிலையம் அவர் பெயரையே தாங்கி எழுந்தது. 2012இல் தலவாக்கலையில் அணை கட்டி, 150 மெகாவாற் வலுவுடைய மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறியது.

லக்சபான வேலைகள் நிகழ்ந்த அதே காலத்திலேதான், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. மலைநீர் இறங்கிச் சென்று கொழும்பு வீதிகளுக்கு விளக்கேற்றிற்று; அம்மலையிலே கொழுந்து பறித்தவளின் காம்பராவிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஒளியும் உரிமையும் ஒன்றாகவே மறுக்கப்பட்டன.

இன்று பெரும்பாலான லயங்களில் மின்குமிழ் எரிகின்றது; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விளக்கு எரிவது வேறு, வலு கைவசம் இருப்பது வேறு. பகல் முழுதும் மலையில் நின்று கொழுந்தெடுத்த பெண் மாலையில் விறகுக் கட்டுடன் திரும்பும் காட்சி இன்னும் மறையவில்லை. அவள் அடுப்புப் புகை அக்காம்பராவையே நிறைக்கின்றது. மெகாவாற்றுக் கணக்கிலே அந்த விறகுக் கட்டுக்கு இடமில்லை. எரிபொருட் கொள்கை என்பது அவ்வடுப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

2022ஆம் ஆண்டின் பாடத்தை நாடு மறந்துவிடலாகாது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை என்றனர். டொலர் எங்கிருந்து வருகின்றது? தேயிலை ஈட்டும் பணமும் அதிலோர் பங்கு. தேயிலையை உலர்த்துவதோ பெரிதும் மலைநாட்டு விறகின் வெப்பம். எனவே, ஓடையிலிருந்தும் வெயிலிலிருந்தும் நாம் பெறும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் கொழுந்து பறித்தவள் ஈட்டிய டொலரைக் காப்பதாகும்.

இதற்கு வழி புதிதன்று. ஒருகாலத்தில் தோட்டங்கள் பல, ஓடைநீரைக் குழாய் வழியே இறக்கித் தம் தொழிற்சாலைகளைத் தாமே இயக்கின. நாட்டின் மின்கம்பிகள் மலையேறிய பின்னர் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1990களில் தனியார் முதல் கொண்டு சிறு நீர்மின் நிலையங்கள் மீண்டும் எழுந்தன. இலங்கை மின்சார சபைக்கு மின்சாரம் விற்றன. நன்று. ஆனால் அவ்வருவாயில் ஒரு பங்கு, ஓடைக்கரையில் வாழும் மக்களுக்கு உரிமையாகச் சேர வேண்டும். ஓடை முற்றும் வறண்டு போகாதபடி அதற்குரிய நீரை விட்டுவைப்பதும் விதியாக வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம் கூரை உடையவனை மின் உற்பத்தியாளன் ஆக்கிற்று. கூரை தனதல்லாதவன் என் செய்வான்? லயம் தோட்டத்தின் சொத்து. நிலம் தோட்டத்தின் பொறுப்பில் உள்ளது. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களிற் பலரிடம் இன்றும் ஓர் உறுதி இல்லை. கடன் கொடுப்போர் கேட்பதும் அவ்வுறுதியையே. ஆகவே, மலையகத்திற்குக் காணியுரிமை வழங்குவதும் மின்வலுக் கொள்கையின் ஒரு கூறேயாகும்.

"சிற்றோடைகளாலும் லயத்துக் கூரைகளாலும் ஒரு நாடு இயங்குமா?" என வினவுவோர் உளர். இயங்காது, பெருநிலையங்கள் வேண்டியவையே. ஆயின், பெருநிலையம் நாட்டுக்கு ஒளி தரும். சிறுநிலையம் ஊருக்குத் தொழில் தரும். கந்தப்பளையில் விளையும் கரட்டும், லீக்சும், உருளைக்கிழங்கும் விலை வீழும் நாளில் அழுகிப் போகின்றன. நானுஓயாவிலிருந்து இவ்வூர் வழியே இராகலைக்குச் சென்ற சிறு புகையிரதப் பாதையும் 1940களில் மூடப்பட்டதனால், மரக்கறி அனைத்தும் டீசல் லொறியை நம்பியே மலையிறங்குகின்றது. ஊரோடை தரும் மின்சாரத்தில் இங்கேயே ஒரு குளிர்களஞ்சியம் இயங்குமாயின், விவசாயி தன் விலைக்காகக் காத்திருக்கலாம். எமது மாணவன் வேலை தேடிக் கொழும்புக் கடைக்கு ஓடாதிருக்கலாம். பொருளாதார வளர்ச்சி என நாம் கருதுவது அதனையே.

எமது கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், அரச அலுவலர் உளர். ஓடையின் நீரை அளந்து கூறுவது முன்னையவர் பணி. காணி உறுதிக்கு வழி காண்பது அடுத்தவர் பணி. கோப்பு உறங்காது பார்ப்பது பின்னையவர் பணி. ஆசிரியராகிய எம்மால் இயல்வது, பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது. அதனை நாம் செய்து வருகின்றோம். உங்கள் பங்கையும் செய்யுமாறு விழா நாளில் வேண்டி அமைகின்றோம்.